எக்ஸ்ரே அறையின் அந்தப் பக்கம்

சிறு நகரத்துக் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே வைக்கலாம் என்று முடிவானதும் பேச்சு முழுவதும் மெஷினைச் சுற்றியே நடக்கும். எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிஆம்பியர், மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டுமா, தவணை எவ்வளவு என்று எல்லாம் அலசப்படும். அறையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். மருந்துக்கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கிறதே, அதில் வைத்துவிடலாம் என்ற ஒற்றை வரியில் அதுவும் முடிந்துபோகும். ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவுக்கு ஈயத் தகடு அடித்தால் பாதுகாப்பு வேலை தீர்ந்தது என்று நினைப்பவர்களே அதிகம். இந்த வரிசை தலைகீழானது. எக்ஸ்ரே அறையின் பாதுகாப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஈயம் அல்ல. அறை கட்டடத்தின் எந்த மூலையில் இருக்கிறது, கதிர்க்குழாய் எந்தச் சுவரைப் பார்க்கிறது, அந்தச் சுவருக்கு அப்பால் யார் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்ற மூன்று கேள்விகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றுக்கும் விடை வரைபடத்திலேயே கிடைக்கும், செலவும் கிடையாது. அங்கே கோட்டைவிட்டால் பின்னால் எத்தனை கிலோ ஈயம் வாங்கினாலும் ஓட்டை எங்காவது மிஞ்சியே இருக்கும்.

யாரைக் காப்பாற்ற இந்தச் சுவர் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். படம் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்காக அது கட்டப்படுவதில்லை. எலும்பு முறிந்திருக்கிறதா, நுரையீரலில் நிழல் விழுந்திருக்கிறதா என்று அறிவதற்காக அவர் மேல் கதிர் விழுகிறது. அதற்கு ஈடான பலன் அவருக்குக் கிடைக்கிறது. அதனால்தான் நோயாளிக்கென்று சட்டம் ஆண்டு வரம்பு எதையும் வைக்கவில்லை. தேவையிருந்தால் மட்டும் எடு, எடுத்தால் குறைந்த அளவில் எடு என்பதே அவருக்கான விதி. ஆனால் வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்திருப்பவர், அடுத்த சுவரில் முதுகைச் சாய்த்துத் தைத்துக்கொண்டிருக்கும் டெய்லர், மாடியில் குடியிருக்கும் குடும்பம் ஆகியோருக்கு அந்தக் கதிரால் ஒரு பலனும் இல்லை. கதிர் வருகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. கண்ணுக்குப் படாது, வாசனை இல்லை, உடம்பில் சூடு தட்டாது. அவர்களுக்காகத்தான் பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று வைக்கப்பட்டிருக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. பணியாளர் தெரிந்தே அந்த வேலைக்கு வந்தவர், பயிற்சி பெற்றவர், அளவுமானிப் பட்டை அணிந்தவர். டெய்லரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இங்கே ஒரு வாதம் தவறாமல் எழும். ஒரு மார்புப் படத்தில் கிடைக்கும் கதிர்வீச்சு மிகச் சொற்பம், இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, பிறகு சுவருக்கு அப்பால் சிதறிப் போவதைப் பற்றி என்ன கவலை என்று டாக்டர்களே கேட்பார்கள். முதல் பாதி உண்மை. ஒரு மார்புப் படத்துக்கான அளவு மில்லிசீவர்ட்டில் நூறில் சில பங்குதான். சறுக்கல் அடுத்த பாதியில் இருக்கிறது. நோயாளி ஒரு முறை வந்து போகிறார். டெய்லர் தினமும் வருகிறார், நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார், ஒவ்வொரு நோயாளியின் பங்கிலிருந்தும் ஒரு துளி அவர் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 30 பேர், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 9,000 நோயாளிகள். முதுகெலும்பு, இடுப்பு, வயிறு என்று எல்லாம் கலந்து எடுக்கும் அறையில், நோயாளியின் உடலிலிருந்து சிதறும் கதிர் ஒரு மீட்டர் தூரத்தில் ஆளுக்குச் சராசரியாக 0.03 மில்லிகிரே என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு ஏறத்தாழ இதுதான். தூரம் மூன்று மடங்கானால் கதிர் ஒன்பதில் ஒரு பங்காகும். எனவே 3 மீட்டரில், நடுவே தடுப்பே இல்லாவிட்டால், ஆண்டு முழுதும் சேர்வது 30 மில்லிகிரே. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை அதை 30 மில்லிசீவர்ட் என்றே கொள்ளலாம். வரம்பைப் போல முப்பது மடங்கு. இங்கே கை, கால், மார்புப் படங்கள்தான் அதிகம், எங்களுக்கு அவ்வளவு வராது என்று ஒரு கிளினிக் சொல்லலாம். சரி, பத்தில் ஒரு பங்கு என்றே வைப்போம். அப்போதும் 3 மில்லிசீவர்ட், வரம்பைப் போல மூன்று மடங்கு.

இனி அந்தக் கதிர் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். குழாயிலிருந்து நேராகப் புறப்படுவது நேர்க்கதிர். அது விழும் திசை நம் கையில் இருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து எடுத்தால் தரையை நோக்கிப் பாயும். மார்புப் படத்துக்கு ஸ்டாண்டு முன் நிற்கவைத்தால் கிடைமட்டமாகச் சென்று ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சுவரை அடையும். குழாயின் திறப்பை உடலைவிட அகலமாக வைத்துவிட்டால் உடலில் படாத கதிர் முழு வலுவோடு சுவரில் மோதும். அடுத்தது சிதறல். நேர்க்கதிர் உடலில் பட்டு எல்லாத் திசைகளிலும் தெறிப்பது இது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் உடலில் விழுந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். எல்லாப் பக்கமும் போவதால் எந்தச் சுவரும் இதற்கு விலக்கல்ல. மூன்றாவதாக, குழாயின் உறையைத் தாண்டிக் கசிவது. நல்ல மெஷினில் இது சொற்பம். கைமாறி வந்த பழைய மெஷினில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆக, மார்பு ஸ்டாண்டு எந்தச் சுவரில் பொருத்தப்படுகிறதோ அந்தச் சுவருக்குத்தான் அதிகக் கனம் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பழைய வழிகாட்டுதலிலேயே இந்த வேறுபாடு உண்டு: நேர்க்கதிர் விழும் சுவருக்கு 35 சென்டிமீட்டர் செங்கல் அல்லது அதற்கு இணையானது, சிதறல் மட்டும் விழும் சுவருக்கு 23 சென்டிமீட்டர், கதவு ஜன்னலுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயம்.

23 சென்டிமீட்டர் என்பது நம் கொத்தனார்கள் சொல்லும் ஒன்பது இஞ்ச் சுவர். இந்த எளிய சுவரின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. 100 கிலோவோல்ட்டில் எடுக்கும்போது, கான்கிரீட்டில் சுமார் 5.3 சென்டிமீட்டர் கடந்தால் கதிர் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஈயத்தில் அதே வேலைக்கு 0.9 மில்லிமீட்டர் போதும். செங்கல் கான்கிரீட்டைவிட எடை குறைந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம். அதாவது மூன்று முறை பத்தில் ஒன்றாகக் குறைந்து, ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே போகும். மேலே பார்த்த 30 மில்லிசீவர்ட் 0.03 ஆகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் ஈயம்கூட இல்லாமல்! இரண்டு பக்கமும் பூச்சு, இடைவெளி இல்லாமல் சாந்து நிரம்பிய கட்டுமானம், இவை இரண்டும் இருந்தால் போதும்.

ஆனால் இப்போது எழும் கட்டடங்களில் அந்தச் செங்கல் எங்கே இருக்கிறது? செலவு மிச்சம், வேலை சீக்கிரம், கட்டடத்துக்குச் சுமை குறைவு என்று ஏஏசி (காற்றுக்குமிழ் கலந்த கான்கிரீட்) பிளாக்கும் ஹாலோ பிளாக்கும் வந்து உட்கார்ந்துவிட்டன. குடியிருக்கும் வீட்டுக்கு அதில் தவறில்லை. எக்ஸ்ரே அறைக்கு அது வேறு கதை. ஏஏசி பிளாக்கின் எடை கன மீட்டருக்கு 600 கிலோ அளவில்தான் இருக்கும், செங்கல்லோ 1,600 கிலோ அளவில் இருக்கும். கதிரைத் தடுப்பது சுவரின் தடிமன் அல்ல, கதிரின் பாதையில் குறுக்கே நிற்கும் பொருளின் எடை. 23 சென்டிமீட்டர் ஏஏசி சுவர் 6 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்குத்தான் இணை. நம் கணக்கில் 30 மில்லிசீவர்ட்டை 2 மில்லிசீவர்ட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்தும். வரம்பு 1. ஹாலோ பிளாக்கில் நடுவே காற்றறை இருப்பதால் கதிர் விழும் இடத்தைப் பொறுத்துத் தடுப்பு மாறும், நம்பவே முடியாது. பூசி வெள்ளையடித்த பிறகு இந்த மூன்று சுவரும் பார்வைக்கு ஒன்றுதான். டேப் வைத்து அளந்தாலும் ஒன்பது இஞ்ச்தான் காட்டும். வாடகைக்கு இடம் பார்க்கும் கிளினிக்காரர் கட்டட உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுவர் எத்தனை இஞ்ச் என்பதல்ல, எந்தக் கல்லில் கட்டியது என்பது.

எதற்கு இந்தக் கணக்கெல்லாம், நான்கு சுவரிலும் ஈயத்தை ஒட்டிவிட்டால் தீர்ந்ததே என்று சிலர் சொல்வார்கள். சில விற்பனையாளர்களும் அதையே சொல்வார்கள், அவர்களுக்கு அது வியாபாரம். ஈயம் நல்ல தடுப்புதான். ஆனால் அது மிருதுவானது, தன் எடையைத் தானே தாங்காமல் காலப்போக்கில் கீழ்நோக்கித் தொய்யும். மேல் விளிம்பில் மட்டும் ஆணி அடித்துத் தொங்கவிட்ட தகடு சில ஆண்டுகளில் ஆணித்துளையிலிருந்து கிழிந்து இறங்கிவிடும், மேலே ஒரு பட்டை திறந்துபோகும். வெளியே பிளைவுட் மூடியிருப்பதால் யார் கண்ணுக்கும் படாது. தகட்டை இரு பிளைவுட்டுக்கு நடுவே முழுப் பரப்பிலும் ஒட்டி, இணைப்புகளில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைக்க வேண்டும். ஸ்க்ரூ போகும் இடத்தில் அதன் தலையை ஈயத் துண்டால் மூட வேண்டும். நல்ல செங்கல் சுவர் இருக்கும் இடத்தில் இத்தனை பாடுபட்டு ஈயம் ஒட்டுவது வீண்செலவு. அந்தப் பணத்தைக் கதவில் போட்டால் பலன் உண்டு.

கதவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். சாதாரண ஃபிளஷ் கதவைக் கதிர் ஏறக்குறைய இல்லாததாகவே கருதும். அதற்கு 2 மில்லிமீட்டர் ஈயம் வைத்தால் கதிர் இருநூறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில் 1.2 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு என்றால் அந்த ஈயம் மட்டும் 57 கிலோ. பிளைவுட்டும் சட்டமும் தனி. சாதாரணக் கீல் இதைத் தாங்காது. கீல் இறங்கினால் கதவு ஒரு பக்கம் சாயும், தரையில் உரசும். உரசுகிறதே என்று ஆசாரியை அழைத்து அடிப்பக்கத்தைச் சீவச் சொல்வார்கள். சீவியது வெறும் மரத்தை மட்டும்தானா, உள்ளே இருந்த ஈயமும் போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. நிலையிலும் ஈயம் வேண்டும். கதவின் ஈயமும் நிலையின் ஈயமும் ஒன்றையொன்று மூடி நிற்க வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சாந்து வைத்து அடைத்த சந்தில் தடுப்பு மெலிந்துவிடக் கூடாது. பல இடங்களில் கதவு ஒழுங்காக இருக்கும், கதவைச் சுற்றிய அரை இஞ்ச் மட்டும் ஒழுங்காக இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கனமான கதவு, அடிக்கடி ஆள் வந்துபோக வேண்டும், ஏ.சி. வேறு சரியாக ஓடவில்லை என்று கதவுக்குக் கீழே ஒரு கட்டையைச் செருகித் திறந்தே வைத்துவிடுவது. அங்கே 57 கிலோ ஈயத்தின் மதிப்பு பூஜ்யம்.

அறை கட்டி முடித்த பிறகு வருகிறவர்கள் செய்யும் ஓட்டைகள் வேறு. எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டிக்காகச் சுவரைக் குடைவார். அதே இடத்தில் அடுத்த பக்கத்திலும் ஒரு பெட்டி வந்தால் ஒன்பது இஞ்சில் மிச்சம் நான்கு இஞ்சுக்கும் குறைவு. ஏ.சி. குழாய்க்கு மார்பு உயரத்தில் ஒரு துளை. வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல். தடுப்பில்லாத திறப்பு எதுவானாலும் வெளிப்பக்கத் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. உள்ளே தரைமட்டம் மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தால் கணக்கு நமக்குச் சாதகம். வெளியே ரோட்டை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போகும் நம் ஊர்களில் அந்தச் சாதகம் மெல்ல மெல்லக் கரையும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளிக்கும் மலிவான வழி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசிப்பது. கட்டடத்தின் மூலையறை கிடைத்தால் இரண்டு சுவருக்கு வெளியே வெறும் சந்தோ காம்பவுண்டோ இருக்கும். மார்பு ஸ்டாண்டை அந்தப் பக்கத்தில் பொருத்தினால் நேர்க்கதிர் ஆளில்லாத திசையில் போய்விடும். கதவையோ, டெக்னீஷியன் நிற்கும் கன்ட்ரோல் பகுதியையோ நேர்க்கதிர் பார்த்தபடி இருக்கக் கூடாது. டெக்னீஷியனுக்கு ஈயக் கண்ணாடி வைத்த தடுப்பு வேண்டும், நோயாளியைப் பார்க்க முடியவும் வேண்டும். பார்க்க முடியாவிட்டால் அவர் தலையை வெளியே நீட்டித்தான் பட்டனை அழுத்துவார். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு போன்ற இடங்களிலிருந்து எக்ஸ்ரே அறை தள்ளியே இருக்க வேண்டும். தரைத்தளத்தில், கீழே மண் மட்டும் இருக்கும் இடத்தில் வைத்தால், படுக்கவைத்து எடுக்கும்போது கீழே பாயும் நேர்க்கதிரைப் பற்றிக் கவலையே இல்லை. முதல் மாடி என்றால் கீழே இருப்பவர் யார் என்று பார்த்து, நான்கு இஞ்ச் தளமா ஐந்து இஞ்சா என்று கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதற்கும் வடிவமைப்பில் ஒரு எண் உண்டு. கடை, அலுவலகம், குடியிருப்பு என்றால் முழு ஒன்று. நடைபாதைக்கு ஐந்தில் ஒன்று. கழிப்பறைக்கு இருபதில் ஒன்று. மாடிப்படிக்கு நாற்பதில் ஒன்று. கணக்கு நியாயமானதுதான், மாடிப்படியில் யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் நம் ஊரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு ஸ்டூலும் வந்துவிட எத்தனை நாள் ஆகும்? அன்றைக்கு நாற்பதில் ஒன்று முழு ஒன்றாகிறது, டிசைன் நாற்பது மடங்கு தப்பாகிறது, கிளினிக்கில் ஒரு ஆணியும் அசையாமலே. வாடகைக் கட்டடங்களில் இந்த ஆபத்து நிரந்தரம். இன்று குடோனாக இருக்கும் பக்கத்து அறை நாளை டியூஷன் சென்டர் ஆகலாம். ஆகவே காலியாக இருக்கிறது என்பதற்காகத் தடுப்பைக் குறைத்துக் கட்டுவது குறுகிய புத்தி. முழு நேரமும் ஆள் இருப்பார் என்றே எண்ணிக் கட்டினால் செங்கல் செலவில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

இத்தனை கெடுபிடி வைத்தால் சின்ன ஊர்களில் எக்ஸ்ரேயே இருக்காது, கால் முறிந்தவரை ஐம்பது கிலோமீட்டர் அனுப்ப வேண்டிவரும் என்பது கடைசியாகச் சொல்லப்படும் எதிர்வாதம். எல்லாவற்றிலும் கனமான வாதமும் இதுதான். எக்ஸ்ரே கிடைக்காமல் போவதும் ஒரு தீங்கு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன எதிலும் பணக்கார ஆஸ்பத்திரிக்கு மட்டுமே முடிகிற விஷயம் எது? செங்கல், ஒரு நல்ல கதவு, ஸ்டாண்டைத் திருப்பி வைப்பது, இவ்வளவுதான். மெஷின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. கட்டிய பிறகு இடித்துத் திருத்தும்போதுதான் செலவு கடிக்கிறது. விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. மத்திய தணிக்கைத் துறை 2012இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையின்படி, நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் வாரியத்தில் பதிவானவை 5,270 மட்டுமே. பத்தில் ஒன்பது எங்கே, எந்தச் சுவருக்குள் இருந்தன என்பது வாரியத்தின் ஏட்டில் இல்லை. பிறகு ஈ-லோரா என்ற இணையப் பதிவு முறை வந்து நிலைமை பெரிதும் மாறியது உண்மை. என்றாலும் சான்றிதழ் என்பது ஒரு நாளின் நிலவரம். குடைந்த சுவரையும் சீவிய கதவையும் அது பார்த்துக்கொண்டிருக்காது.

வரம்புக்குள் இருந்தால் போதாதா, அதற்கும் கீழே ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்ட அதே 1934இல், கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு கதிர்வீச்சுப் பணியாளருக்குத் தாங்கத்தக்கது என்று வகுத்த அளவு, அன்றைய அலகில், நாளுக்கு 0.2 ராண்ட்ஜன். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இன்றைய 20 மில்லிசீவர்ட்டைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. அன்றைய நிபுணர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர், அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தமும் பெரும்பாலும் கீழ்நோக்கியே போயிருக்கிறது. ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும், வரம்பு அத்தனை காலம் அப்படியே நிற்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

எனவே எக்ஸ்ரே வைக்கப்போகும் டாக்டர்களே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஒரு மருத்துவ இயற்பியலாளரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். மேலே, கீழே, நான்கு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று அதில் எழுதிக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அளவுமானியை வைத்து ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் வெளியே அளக்கச் சொல்லி, எண்களை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து அறையின் பயன்பாடு மாறினாலோ, சுவரில் யாராவது கை வைத்தாலோ மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும்போது கதவு திறந்திருந்தால் தயங்காமல் எழுந்துபோய் மூடச் சொல்லுங்கள்.